கப்பல் பெயின்ட்: டின்னை மட்டும் விற்றால் போதுமா?

2016ஆம் ஆண்டு நடுப்பகுதி என்று நினைவு. லுஹர் முடிந்து கடையில் வந்து உட்கார்ந்திருந்தேன். கிழக்குப் பக்கத்து இளைஞர் ஒருவர் வந்து, "நானா, படகுக்கு அடியில அடிக்கிற சிவப்புப் பெயின்ட் இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. பாசி பிடிக்காமல் இருப்பதற்காகப் படகின் அடிப்பாகத்துக்கு அடிக்கும் அந்த டின்னைத்தான் பலநாட் படகுக்காரர்கள் எல்லோரும் எங்களிடம் எடுப்பார்கள். எட்டு டின் எடுத்தார். விலையில் கொஞ்சம் குறைத்தும் கொடுத்தேன். ஒரு நல்ல வியாபாரம் நடந்த திருப்தியோடு அன்று வீட்டுக்குப் போனேன்.

எட்டு மாதம் கழித்து அவர் மறுபடியும் வந்தார். இந்த முறை டின் வாங்க வரவில்லை. கையடக்கத் தொலைபேசியில் சில படங்களைக் காட்டினார். படகின் அடித்தகட்டில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். இரண்டு இடங்களில் தகடு துளைத்தே போயிருந்தது. "நீங்க தந்த பெயின்ட்தான் நானா அடிச்ச. வேற ஒண்டும் அடிக்கல்ல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

அவருடைய படகு ஃபைபரும் அல்ல, மரமும் அல்ல. அது அலுமினியப் படகு. உல்லாசப் பயணிகளை ஏற்றுவதற்காக வங்கிக் கடனில் வாங்கியது. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. அந்தச் சிவப்புப் பெயின்டில் இருப்பது செப்பு ஒட்சைட். செம்பையும் அலுமினியத்தையும் உப்புத் தண்ணீரில் ஒன்றாக வைத்தால் பற்றரி ஒன்றில் நடப்பதுதான் நடக்கும். மின்சாரம் ஓடும். பலவீனமான உலோகம் கரைந்துகொண்டே போகும். இங்கே பலவீனமானது அலுமினியம். அதாவது படகைப் பாதுகாக்கவென்று நான் விற்ற பொருளே படகைத் தின்றிருக்கிறது.

அவர் போன பிறகு ராக்கையிலிருந்து ஒரு டின்னை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, அதன் பின்பக்கத்தைப் படித்தேன். அலுமினியத்தில் பாவிக்க வேண்டாம் என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. பத்து வருடங்களுக்கு மேலாக விற்ற பொருள். முதன்முதலாக அன்றுதான் படித்தேன்.

தகடு மாற்றிய செலவில் பாதியை நான் கொடுத்தேன். மீதிப் பாதியும், ஒரு சீசன் வருமானமும் அவருடைய நட்டம். சட்டப்படி எனக்கு ஒரு பொறுப்பும் இல்லை என்று பக்கத்துக் கடை நண்பர் சொன்னார். இருக்கலாம். ஆனால் அதன் பிறகு இந்தப் பொருளைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படிக்கத் தொடங்கினேன். கம்பனிகளின் தரவுத் தாள்களைப் படித்தேன். கப்பல் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் போய்ப் பல நாள் கதைத்தேன். அந்தப் படிப்பில் கிடைத்ததைத்தான் நமது ஹாட்வெயார்க் கடைக்காரர்களோடும், கரையோர ஊர்களில் பெயின்ட் விற்கும் சிறு வியாபாரிகளோடும் இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பெயின்ட் என்றாலே நமக்கு நிறம்தான் நினைவுக்கு வரும். வீட்டுச் சுவருக்கு அது சரி. கப்பலுக்கு நிறம் கடைசிக் காரியம். கப்பலுக்கு அடிப்பது ஒரு சட்டை. இரும்புக்கும் உப்புத் தண்ணீருக்கும் ஒட்சிசனுக்கும் நடுவில் நிற்கும் சட்டை. அந்தச் சட்டை எங்கே கிழிகிறதோ அங்கே கறள் தொடங்கும்.

கடலில் எல்லா இடமும் ஒரே மாதிரி அல்ல என்பதும் தெரிந்திருக்க வேண்டிய விடயம். துறைமுகப் பக்கம் போனால் பழைய இறங்குதுறைகளின் இரும்புத் தூண்களைப் பாருங்கள். தண்ணீருக்கு வெகு கீழே தூண் ஓரளவு நன்றாகவே இருக்கும். மேலே காற்றில் நிற்கும் பகுதியும் பரவாயில்லை. அலை அடித்து நனைந்து, காய்ந்து, மறுபடி நனையும் அந்த இடுப்புப் பகுதிதான் அரித்து மெலிந்து போயிருக்கும். அங்கே உப்பும் உண்டு, ஈரமும் உண்டு, காற்றில் வேண்டிய அளவு ஒட்சிசனும் உண்டு. மோதும் அலை பழைய கறளைக் கழுவி, புது இரும்பைத் திறந்தும் விடுகிறது. நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளைக் கட்டுபவர்கள் இந்தத் தெறிப்புப் பகுதிக்கென்றே தனியாகச் செலவழிக்கிறார்கள். கண்ணாடித் தூளைத் தகடு தகடாகக் கலந்த எபொக்சியை அங்கே மிகத் தடிப்பாகப் பூசுவார்கள். மீன் செதில் போல ஒன்றன் மேல் ஒன்றாகப் படியும் அந்தக் கண்ணாடித் தகடுகளைச் சுற்றி வளைந்து போகத் தண்ணீருக்கு நெடுங்காலம் பிடிக்கும்.

ஸ்கொட்லாந்தில் 1890இல் திறக்கப்பட்ட ஃபோர்த் ரயில் பாலத்தைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. ஒரு முனையிலிருந்து பெயின்ட் அடித்து மறு முனைக்குப் போவதற்குள் முதல் முனையில் கறள் வந்துவிடும், ஆகவே வேலை முடிவதே இல்லை என்பார்கள். கதையில் மிகைப்படுத்தல் உண்டு. ஆனால் அந்தக் கதைக்கும் முடிவு வந்தது. பழைய பெயின்டை முழுவதும் உரித்து, வெறும் இரும்பாக்கி, நாகம் கலந்த பிரைமர், கண்ணாடித் தகட்டு எபொக்சி, மேலே பொலியுரேத்தேன் என்று மூன்று கோட் அடித்து 2011 இறுதியில் வேலையை முடித்தார்கள். வட கடல் எண்ணெய் மேடைகளில் தேறிய அதே வகைப் பூச்சு. குறைந்தது 25 வருடம் தாங்கும் என்பது அவர்கள் கணக்கு. காலமெல்லாம் அடித்துக்கொண்டே இருந்த பெயின்டுக்கும், ஒரு தடவை ஒழுங்காக அடித்த பெயின்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள்.

மூன்று கோட் என்றேன் அல்லவா? அதை நாம் வாடிக்கையாளரை அதிகம் வாங்க வைக்கும் தந்திரம் என்று நினைக்கிறோம். அப்படி அல்ல. கீழே இருக்கும் நாகம் இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். நடுவில் இருக்கும் எபொக்சி தண்ணீரைத் தடுக்கும் சுவர். ஆனால் எபொக்சிக்கு வெயில் ஆகாது. சில மாதத்தில் சுண்ணாம்புத் தூள் போல உதிரத் தொடங்கும். ஆகவே வெயில் படும் இடத்தில் அதற்கு மேல் பொலியுரேத்தேன் குடை பிடிக்கிறது. தண்ணீருக்குக் கீழே குடை தேவையில்லை. அங்கே பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க வேறு பூச்சு. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. "மேல் கோட் மட்டும் தாங்க, பிரைமர் வேண்டாம்" என்று கேட்கும் வாடிக்கையாளருக்குச் சிரித்துக்கொண்டே பில் போட்டுக் கொடுக்கும் நாம், அவருக்குக் கூரை இல்லாத வீட்டை விற்கிறோம்.

எபொக்சி இரண்டு டின்னில் வரும். ஒன்று பேஸ், மற்றது ஹாட்னர். இரண்டையும் சொன்ன அளவில் கலந்தால்தான் அது இறுகும். நமது சந்தையில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. வாடிக்கையாளர் பாதி கேட்டால் பேஸைப் பாதியாக ஊற்றிக் கொடுத்து, ஹாட்னரைக் கண் மதிப்பில் ஒரு போத்தலில் விட்டுக் கொடுப்பது. மிஞ்சிய பேஸுக்கு வேறு கம்பனி ஹாட்னரைச் சேர்த்து விற்றவர்களையும் நான் அறிவேன். அளவு பிழைத்த எபொக்சி ஒன்றில் ரப்பர் போல ஒட்டிக்கொண்டே இருக்கும், அல்லது பிஸ்கட் போல நொறுங்கும். எங்கள் சூடு வேறு. கலந்த பிறகு எவ்வளவு நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும் என்று டின்னில் போட்டிருப்பது பெரும்பாலும் 20 அல்லது 23 பாகை செல்சியஸுக்கான நேரம். ஏறத்தாழ 10 பாகை கூடும்போது அந்த நேரம் பாதியாகிவிடும். திருகோணமலை வெயிலில் ஒரு வாளி நிறையக் கலந்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனால், வந்து பார்க்கும்போது வாளியில் கல்தான் இருக்கும். அப்போது பாஸ்மார் என்ன செய்வார்கள்? தின்னரை ஊற்றிக் கரைத்து அடிப்பார்கள். அடித்தது அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும்.

தின்னர் பற்றி ஒரு கணக்கு. இதை எந்தக் கடைக்காரரும் கடுதாசியில் போட்டுப் பார்க்கலாம். ஒரு லீற்றர் பெயின்டில் காய்ந்த பிறகு சுவரில் மிஞ்சுவது எவ்வளவு என்பது தரவுத் தாளில் நூற்றுவீதத்தில் இருக்கும். மீதி காற்றில் போய்விடும். 50 வீதம் மிஞ்சும் பெயின்ட் ஒரு லீற்றரை 100 மைக்ரோன் தடிப்பில் அடித்தால் 5 சதுர மீற்றர் வரும். அதற்கு மேல் இழுத்தால் தடிப்பு குறைகிறது என்று அர்த்தம். இப்போது ஒரு உதாரணத்துக்கு, லீற்றர் 2,500 ரூபா பெயின்ட் ஒன்றில் மிஞ்சுவது 40 வீதம், 3,500 ரூபா பெயின்ட் ஒன்றில் மிஞ்சுவது 80 வீதம் என்று வைத்துக்கொள்வோம். எது மலிவு? முதலாவதில் இரும்பின் மேல் உண்மையாக நிற்கும் ஒரு லீற்றருக்கு 6,250 ரூபா. இரண்டாவதில் 4,375 ரூபா. மலிவு என்று நாம் விற்றதுதான் விலை கூடியது! இந்தக் கணக்கை வாடிக்கையாளருக்கு முன்னால் போட்டுக் காட்டினால் அவர் நம்மை விட்டுப் போகமாட்டார். நான் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 350ஐயும் தாண்டியபோது இந்தத் தின்னர் வியாதி முற்றிப் போனது. பெயின்ட் விலை எகிறியது. இறக்குமதி நின்றது. இருந்ததைக் கரைத்து நீட்டினார்கள். அதே காலத்தில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல் அந்த ஜூன் மாத இறுதியில் 460 ரூபாவுக்குப் போனது. படகின் அடியில் பாசியும் சிப்பியும் பிடித்தால் தண்ணீரில் இழுவை கூடி எண்ணெய்ச் செலவு ஏறும் என்பது எந்தப் படகுக்காரருக்கும் தெரியும். அடிப் பெயின்டில் மிச்சம் பிடித்தவர் டீசலில் கொட்டினார். எனது வாடிக்கையாளர்களில் சிலர் அந்த வருடம் படகைக் கரையிலேயே போட்டுவிட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெயின்டால் தீராத கஷ்டம் அது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பெயின்ட் கழன்றுவிட்டது என்று வருபவரிடம் நாம் எந்த பிராண்ட் அடித்தீர்கள் என்று கேட்கிறோம். கேட்க வேண்டியது, அடிப்பதற்கு முன் என்ன செய்தீர்கள் என்பது. எனக்குச் சொல்லித் தந்த அந்தப் பெரியவர் ஒரு நாள் ஒரு பழைய தகட்டில் நகத்தால் பெயின்டைக் கிளப்பிக் காட்டினார். பெயின்டின் பின்பக்கம் முழுவதும் கறள் ஒட்டியிருந்தது. "பாருங்க ஹாஜியார், பெயின்ட் தன்ட வேலையைச் செய்திருக்கு. நல்லா ஒட்டித்தான் இருக்கு. ஆனா ஒட்டினது இரும்பில இல்ல, கறள்ல" என்றார்.

பெரிய பட்டறைகளில் அமுக்கக் காற்றில் கார்னெட் அல்லது செம்புக் கசடுத் தூளை அடித்து இரும்பைக் கிட்டத்தட்ட வெள்ளையாக்குவார்கள். அதற்குச் சர்வதேசத் தரம் இருக்கிறது. எஸ்.ஏ. இரண்டரை என்று சொல்வார்கள். நமது கரைகளில் அது கிடையாது. கம்பிப் பிரஷ், உளி, கிரைண்டர், அவ்வளவுதான். சரி, இருப்பதை வைத்துச் செய்யலாம். ஆனால் நல்ல தண்ணீரில் கழுவுவதற்கு எந்த மெஷினும் தேவையில்லையே! கண்ணுக்குத் தெரியாத உப்பு இரும்பில் இருக்கும்போது மேலே பெயின்ட் அடித்தால், அந்த உப்பு பெயின்டுக்கு ஊடாகத் தண்ணீரை உறிஞ்சி இழுக்கும். சில மாதத்தில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். கடல் தண்ணீரால் கழுவிவிட்டு, காய்ந்ததும் பெயின்ட் அடிப்பவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதைச் செய்பவருக்கு நாம் உலகத்தின் விலை கூடிய பெயின்டை விற்றாலும் பயனில்லை.

நாட்டின் காலநிலையும் ஒரு பிரச்சினை. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று வந்து கடல் கொந்தளிக்கும்போதுதான் பலர் படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடிக்கிறார்கள். கிழக்கில் வடகீழ்ப் பருவக்காற்றில் அப்படியே. அதாவது வருடத்திலேயே காற்றில் ஈரம் மிகக் கூடிய காலத்தைத் தேடிப் பிடித்து அடிக்கிறோம்! காற்றின் ஈரப்பதன் 85 வீதத்தைத் தாண்டினால் அடிக்காதே, பனி படியும் வெப்பநிலையை விட இரும்பின் சூடு குறைந்தது 3 பாகை கூட இருக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லாத் தரவுத் தாளிலும் இருக்கும். இதை அளக்கும் கருவி வாங்க முடியாதவர்களுக்கு ஒரு எளிய வழியை நான் சொல்வதுண்டு. ஈரத் துணியால் தகட்டில் ஒரு கோடு இழுங்கள். கால் மணித்தியாலத்தில் அது காயவில்லை என்றால் டின்னைத் திறக்காதீர்கள். விஞ்ஞானமாக இது துல்லியம் அல்ல. ஆனால் ஒன்றும் பார்க்காமல் அடிப்பதை விட மேல்.

பூச்சு என்பது அலங்காரம் அல்ல, உயிர்ப் பிரச்சினை என்பதைக் கப்பல் உலகமே மிகவும் பிந்தித்தான் ஒப்புக்கொண்டது. 1999 டிசம்பர் 12ஆம் திகதி பிரான்சின் பிரிட்டனி கரைக்கு அப்பால் எரிகா என்ற எண்ணெய்க் கப்பல் புயலில் இரண்டாக முறிந்தது. 1975இல் கட்டிய கப்பல். சுமார் 20,000 தொன் பார எண்ணெய் கடலில் கலந்தது. விசாரணையில் பாலஸ்ட் தாங்கிப் பக்கத்து இரும்பு கறளால் மெலிந்து போயிருந்தது வெளிவந்தது. சரக்கு இல்லாதபோது கப்பலை நிலைநிறுத்தக் கடல் தண்ணீரை ஏற்றும் தாங்கிதான் பாலஸ்ட். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. கப்பலின் வெளிப்பக்கம் பளபளவென்று இருக்கும்போதே உள்ளுக்குள் அது செத்துக்கொண்டிருக்கலாம்.

2006 டிசம்பரில் சர்வதேச கடல்சார் அமைப்பு பாலஸ்ட் தாங்கிப் பூச்சுக்கென்றே ஒரு கட்டாயத் தரத்தை ஏற்றது. 2008 ஜூலை முதலாம் திகதி தொடக்கம் ஒப்பந்தமாகும் 500 தொன்னுக்கு மேற்பட்ட புதுக் கப்பல்களுக்கு அது பொருந்தும். பூச்சு 15 வருடம் நல்ல நிலையில் இருப்பது இலக்கு. எபொக்சி என்றால் காய்ந்த தடிப்பு 320 மைக்ரோன். அதாவது ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒன்று. இரும்பின் கூர் விளிம்புகளை உருட்டித் தேய்க்க வேண்டும், ஏனென்றால் ஈரமான பெயின்ட் கூர் விளிம்பிலிருந்து விலகி ஓடிவிடும். விளிம்புக்கும் வெல்டிங் தையலுக்கும் முதலில் பிரஷால் தனிக் கோட் அடித்துவிட்டுத்தான் மற்ற இடத்துக்கு அடிக்க வேண்டும். மேல் கோட் வெளிர் நிறமாக இருக்க வேண்டும், கறள் வந்தால் ரோர்ச் வெளிச்சத்தில் உடனே தெரிவதற்காக. இதில் எதற்குப் பெரிய பணம் வேண்டும்? விளிம்புக்கு ஒரு பிரஷ் கோட் கூடுதலாக அடிக்க எந்தச் சிறு படகுக்காரருக்கும் முடியும். யாரும் சொல்லிக் கொடுக்காததுதான் குறை.

அடிப் பெயின்டின் கதை வேறு விதமானது. அது ஒரு நஞ்சு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அந்தக் காலத்தில் மரக்கலங்களுக்குச் சுறா எண்ணெயும் குங்கிலியமும் பூசினார்கள். வெள்ளைக்காரன் செம்புத் தகடு அடித்தான். 1824இல் ஹம்ஃப்ரி டேவி என்ற விஞ்ஞானி, செம்பு கரையாமல் இருக்க அதன் மேல் இரும்புத் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தார். செம்பு கரையவில்லை, வெற்றிதான். ஆனால் கப்பலடியில் பாசியும் சிப்பியும் மண்டிப் போயின! செம்பு கரைவதால்தான் அவை ஒட்டாமல் இருந்திருக்கின்றன. இன்றைய சிவப்பு டின்னும் அதே தத்துவம்தான். மெதுவாகக் கரைந்துகொண்டே காக்கும்.

நடுவில் டின் உலோகச் சேர்மம் ஒன்று வந்தது. ரி.பி.ரி. என்பார்கள். அதைப் போல வேலை செய்த அடிப் பெயின்ட் இருந்ததில்லை. கப்பல் கம்பனிகளுக்குக் கொண்டாட்டம். 1970களின் கடைசியில் பிரான்சின் ஆர்க்கஷோன் குடாவில் சிப்பி வளர்ப்பவர்களின் தொழில் படுத்தது. சிப்பிக் குஞ்சு பிடிக்கவில்லை, வளர்ந்தவற்றின் ஓடு கோணலாகத் தடித்தது. தேடிப் பார்த்தால் படகுகளில் அடித்த அந்தப் பெயின்ட். 1982இல் பிரான்ஸ் சிறு படகுகளுக்குத் தடை போட்டது. 2001இல் சர்வதேச உடன்படிக்கை நிறைவேறி 2008 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. சைபியூட்ரின் என்ற இன்னொரு இரசாயனமும் 2023 ஜனவரி முதல் அந்தத் தடைப் பட்டியலில் சேர்ந்துள்ளது. ஆகவே எங்கேயோ குடோன் காலி செய்கிறார்கள், பழைய அடிப் பெயின்ட் பாதி விலைக்கு வந்திருக்கிறது என்று யாராவது தொலைபேசி எடுத்தால், டின்னில் உள்ள திகதியையும் உள்ளடக்கத்தையும் பார்க்காமல் முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். நமது மீனவர் பிடிக்கும் மீனும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.

இதில் நமக்கு என்ன வியாபாரம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தேவேந்திரமுனைக்குத் தெற்கே கிழக்கு மேற்குக் கப்பல் பாதை ஓடுகிறது. 1974இல் தொடங்கிய கொழும்பு டொக்யாட்டில் நான்கு உலர் துறைகள் உண்டு, பெரியதில் 125,000 தொன் அளவு கப்பல் ஏறும். 2025இல் இந்தியாவின் மசகான் டொக் அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்க முன்வந்தது சும்மா அல்ல. ஆனால் அங்கே ஏறும் கப்பலுக்கான பெயின்டை நானோ நீங்களோ விற்கப் போவதில்லை. இன்டர்நேஷனல், ஜோட்டுன், ஹெம்பெல் போன்ற கம்பனிகள் கப்பல் உரிமையாளரோடு நேரடியாகப் பேசி, தங்கள் மேற்பார்வையாளரை அனுப்பி, உத்தரவாதத்தோடு கொடுக்கின்றன. அந்தப் போட்டியில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

நமக்குரிய இடம் வேறு. மீன்பிடிப் படகு, பார்ஜ், உல்லாசப் படகு, இறங்குதுறை, ஐஸ் தொழிற்சாலை, கரையோர ஹோட்டல்களின் இரும்பு வேலை, இவை எல்லாவற்றிலும் உப்புக் காற்றோடு சண்டை நடக்கிறது. இவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க யாருமே இல்லை. ஈரப் பெயின்டின் தடிப்பை அளக்கும் சீப்பு போன்ற சிறு தகடு ஒன்று இருக்கிறது. பெரிய விலை இல்லை. எத்தனை ஹாட்வெயார்க் கடையில் அது இருக்கிறது? படகில் பொருத்தும் நாகக் கட்டியை விற்கிறோம். அதன் மேல் பெயின்ட் அடித்தால் அது செத்துப் போன கட்டி, கரைந்தால்தான் அது காக்கும் என்று எத்தனை பேர் சொல்லி விற்கிறோம்? நான் பார்த்த படகுகளில் பாதியில் அந்தக் கட்டிக்கும் சேர்த்து அழகாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

முகமூடியும் அப்படித்தான். தாங்கிக்குள் இறங்கி அடிக்கும் பொடியன்மார் முகத்தில் துவாய் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். துவாய் தூசியைத் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. மூடிய தாங்கியில் அந்த ஆவி மயக்கும், ஒரு பொறி பட்டால் வெடிக்கும். மணலை அடித்துக் கறள் எடுப்பவர்களுக்கு நுரையீரல் கல்லாகிப் போகும் நோய் வரும். வடிகட்டி பொருத்திய முகமூடியை விற்பதில் லாபம் குறைவு என்று யாரும் ராக்கையில் வைப்பதில்லை. நான் வைத்திருக்கிறேன். மெதுவாகத்தான் போகிறது, அதை மறைக்கவில்லை.

இடையில் ஒரு ஆதங்கம். வெள்ளைப் பெயின்டை வெள்ளையாக்குவது தைத்தேனியம் டயொக்சைட். அதைச் செய்யும் மூலப்பொருள்களில் ஒன்று இல்மனைட். அது திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கரையில் கறுப்பு மணலாகக் கிடக்கிறது. அரச நிறுவனம் ஒன்று அதை அள்ளிக் கப்பலேற்றுகிறது. மணலாகப் போவது பொடியாக, டின்னுக்குள் பெயின்டாக நமக்கே திரும்பி வருகிறது, டொலரில்! இதைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை எழுத வேண்டும். இப்போது விடுகிறேன்.

இன்னொரு விடயத்தைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். வளைகுடாவுக்குப் பெயின்டராகப் போகும் நமது பிள்ளைகள் பெயின்டராகவே திரும்பி வருகிறார்கள். அங்கே எண்ணெய் மேடையிலும் கப்பல் பட்டறையிலும் பூச்சுப் பரிசோதகர் என்று ஒரு தொழில் இருக்கிறது. அமெரிக்காவின் நேஸ் அமைப்பு 2021இல் இன்னொரு அமைப்போடு இணைந்து ஆம்ப் என்ற பெயரில் அதற்குச் சான்றிதழ் கொடுக்கிறது. நோர்வேயின் ஃப்ரோசியோவும் உண்டு. பிரஷ் பிடித்த அனுபவமும் ஓரளவு ஆங்கிலமும் உள்ள பிள்ளை முயன்றால் எட்டாத படிப்பு அல்ல. கட்டணம் கொஞ்சம் கூடத்தான். விசாவுக்கு ஏஜென்டிடம் கொட்டுவதில் ஒரு பங்கை இதில் போட்டுப் பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம். எனது தங்கையின் மகனுக்கு இதைத்தான் சொல்லியிருக்கிறேன். அவன் கேட்பானா என்பது வேறு விடயம்.

கடையில் இப்போது ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். கடலுக்குப் போகும் எந்த டின்னையும் எடுக்கும் முன் கவுண்டரில் நிற்கும் பையன் கேட்க வேண்டும்: படகு எதனால் செய்தது, முன்பு என்ன அடித்திருக்கிறது, தண்ணீருக்கு மேலேயா கீழேயா, எப்போது கரையேற்றினீர்கள். பதில் தெரியாவிட்டால் டின் கொடுப்பதில்லை. இதனால் சில வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போயிருக்கிறது. "என்ன நானா, பெயின்ட் வாங்கவா வந்தேன், இன்டவியூவுக்கா?" என்று ஒருவர் ஏசிவிட்டுப் போனார். எபொக்சியைப் பாதியாக ஊற்றிக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டேன். அதனாலும் ஏச்சு உண்டு.

அந்தக் கிழக்கு மாகாணத்து இளைஞர் சென்ற வருடம் வந்தார். கடன் முடிந்துவிட்டதாம், இரண்டாவது படகு எடுக்கிறாராம், அதுவும் அலுமினியம். செப்பு ஒட்சைட் இல்லாத அடிப் பெயின்டும் அதற்குரிய பிரைமரும் கொண்டுவரச் சொல்லி முன்கூட்டியே சொல்லியிருந்தார். டின்களைக் கவுண்டரில் வைத்தேன். விலை கேட்கவில்லை. ஒரு டின்னை எடுத்துத் திருப்பி, வெளிச்சத்துக்குப் பிடித்து, பின்பக்கத்தை முழுவதும் படித்தார். பிறகுதான் விலையைக் கேட்டார். வழமை போலப் பேரமும் பேசினார்.